ஊறுகாய் ஜாடியில் ஓர் ஆக்டோபஸ்

ஆக்டோபஸின் நிறம் என்ன என்று எங்கள் பள்ளிப் பெண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: வெளிறிய வெண்மை. சொல்லிக்கொடுத்தவள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பிராக்டிகலுக்கு அதை ஸ்பாட்டராக வைப்போம். மேஜைமேல் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் ஊறிய ஓர் உயிரினம். பெண்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பெயரும் குறிப்பும் எழுதிவிட்டு நகர வேண்டும். எங்கள் லேபில் இருந்த ஆக்டோபஸ் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அந்த ஜாடியில்தான் இருந்தது. துவைத்துத் துவைத்துச் சாயம் போன உள்பாவாடை நிறம். அதைப் பார்த்துத்தான் நான் குறிப்பு எழுதினேன், அதைத்தான் பெண்கள் மனப்பாடம் செய்தார்கள், அதற்குத்தான் மார்க்கும் போட்டேன். உயிருள்ள ஓர் ஆக்டோபஸை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. விலங்கியல் டீச்சர் என்று பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். கணவருக்குக் கடலோரத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அதன் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். எனக்கு வேலை செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடிப்பேன். பொங்கலுக்கு முன்னால் பள்ளிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் லேப் அலமாரியை அப்படியே நகர்த்தினார்கள். ஜாடி விழுந்து நொறுங்கியது. தரையில் கிடந்த ஆக்டோபஸைத் துடைப்பத்தால் தொட்டால் ஊறிய ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது.

பிராக்டிகலுக்கு இன்னும் சில வாரங்கள்தான். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், கடற்கரையில குடியிருக்கிறது நீங்க. ஒரு ஆக்டோபஸுக்கு நான் டிபார்ட்மென்ட்டுக்கு இன்டென்ட் எழுதிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கணுமா?”

வேறு ஸ்பாட்டர் வைக்கலாமே என்றேன். மெல்லுடலி என்றால் எப்போதும் ஆக்டோபஸ்தான் வைத்திருக்கிறோம், பெண்கள் அதைத்தான் உருப்போட்டிருக்கிறார்கள், இப்போது மாற்றினால் எக்ஸ்டர்னல் என்ன நினைப்பார் என்றார். எக்ஸ்டர்னல் என்பது வேறு பள்ளியிலிருந்து மதிப்பெண் போட வருகிற ஆசிரியர். அவர் என்ன நினைப்பார் என்ற கவலையிலேயே அந்த மாதம் முழுவதும் எல்லாப் பள்ளிகளும் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் கிடக்கும்.

குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவுக்கு மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம். அவரிடம் சொல்லிவைத்தேன்.

“பேய்க்கணவாயா? அத்த இன்னாத்துக்குக் கேக்கற டீச்சரு? நம்ம சைடுல அத்த யாரும் துன்ன மாட்டாங்கோ. வலையில மாட்டுச்சுன்னா தூண்டிலுக்கு வெட்டிப் போட்ருவோம்.”

“பிள்ளைங்களுக்குக் காட்டணும்.”

“உசுரோடவா, செத்ததா?”

எப்படி இருந்தாலும் சரி என்றேன். அவர் உயிரோடு கொண்டுவந்துவிட்டார். பெயின்ட் வாளியில் கடல் தண்ணீர், அதன் அடியில் என் இரண்டு கையும் சேர்ந்த அளவில் ஏதோ ஒன்று. குனிந்து பார்த்தேன். வாளியின் உட்பக்கம் பழைய பெயின்ட் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அதே திட்டு அதன் முதுகிலும் இருந்தது. முதலில் பெயின்ட் ஒட்டிக்கொண்டது என்றே நினைத்தேன். வாளியைச் சாய்த்ததும் அது மறுபக்கம் நகர்ந்தது, திட்டுகள் அழிந்து உடம்பெல்லாம் செங்கல் பொடி நிறமானது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிறிய வெண்மை எங்கே?

அதைக் கொல்வது சுலபம். நல்ல தண்ணீரில் போட்டால் போதும், கடல் உயிர் தாங்காது. பிறகு ஃபார்மலினில் போட வேண்டும், இல்லாவிட்டால் அரை நாளில் வீடே நாறிவிடும். செங்கல்பட்டில் நாங்கள் வாங்குகிற கடையில் ஃபார்மலின் ஸ்டாக் இல்லை, பொங்கல் கழித்துத்தான் வரும் என்றார்கள். பால் பாக்கெட் வைக்கிற ஃப்ரீசரில் இதை வைக்கக் கணவர் சம்மதிக்கவில்லை. ஆகவே ஃபார்மலின் வரும்வரை அதை உயிரோடு வைத்திருப்பது என்று முடிவானது. பழைய மீன் தொட்டி ஒன்று பரண்மேல் இருந்தது. கணவர் ஸ்கூட்டரில் கேன்களைக் கட்டிக்கொண்டு போய்க் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். ஒளிந்துகொள்ள ஏதாவது வேண்டுமே என்று, வாய் ஓரம் உடைந்துபோன ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைப் படுக்கவைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலையில் காபி போட வந்தவள் தொட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். முதல் நாள் சாப்பிட்ட நண்டின் ஓடுகளையெல்லாம் அது ஜாடிக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வெறுமனே தள்ளவில்லை. ஒரு குழல் மாதிரி எதையோ நீட்டித் தண்ணீரைப் பீய்ச்சி, தூசி, மணல், ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் ஒரு மூலைக்கு ஒதுக்கியது. கீழ்வீட்டு அம்மா வாசல் தெளிக்கிற அதே நேரம். நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை.

“என்னங்க, இங்க வாங்களேன். இது வீடு கூட்டுது.”

அவர் வந்து கண்ணாடியருகே முகத்தை வைத்தார். தொட்டிக்கு மேலே எழுந்த தண்ணீர் நேராக அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. தற்செயல் என்று சிரித்தோம். அடுத்த நாளும் விழுந்தது. பிறகுதான் புரிந்தது. அழுக்குத் தண்ணீரை ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பவர் அவர், நண்டு போடுகிறவள் நான். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றாலும் அது குறி தப்பாமல் அவரைத்தான் அடித்தது. ஒருநாள் அவர் என் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தார். அது ஜாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் தலை வெளியே தெரிந்ததும் பீய்ச்சியது. வகுப்பில் நான் இதைக் கீழ்நிலை உயிரி என்ற தலைப்பில்தான் நடத்திக்கொண்டிருந்தேன். கீழ்நிலையாம்! பக்கத்து பிளாக்கில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு இத்தனை வருடத்தில் இன்னும் என்னையும் என் தங்கையையும் பிரித்து அடையாளம் தெரியாது.

முதன்முதலில் அது என் கையைத் தொட்டதை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. நண்டைப் போடத் தண்ணீரில் கை விட்டிருந்தேன். ஒரு கால் மெதுவாக வந்து சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டது. உதறப் பார்த்தேன், பயம். அதற்கு அவசரமில்லை. சுண்டுவிரல் முடிந்து மோதிரவிரல், மோதிரத்தில் கொஞ்ச நேரம், பிறகு நடுவிரல். நண்டு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, இது என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உறிஞ்சான்கள் பற்றிப் பிடிக்க உதவுகின்றன என்று எழுதிப்போட்டிருக்கிறேன். இது பற்றிப் பிடிக்கிற பிடியே இல்லை. கண் தெரியாதவர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி.

தினமும் கை விட ஆரம்பித்தேன். தேங்காய் துருவிவிட்டு வந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளும். மீன் கழுவிவிட்டு வந்தால் முழங்கைவரை ஏறும். சாம்பாருக்குப் பெருங்காயம் உடைத்துப் போட்ட நாளில் தொட்ட மாத்திரத்தில் காலைச் சுருட்டிக்கொண்டு, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் உள்ளே போய்விட்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். வெளியே எட்டிப் பார்த்து, ஒரு நுனியை மட்டும் நீட்டி, தொட்டு, மறுபடி உள்ளே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது தொடவில்லை, ருசி பார்க்கிறது. அதன் நாக்கு கால் முழுக்க இருக்கிறது. இத்தனை நாளும் என் கையை ருசித்து ருசித்து, இன்று இவள் என்ன சமைத்தாள் என்று தெரிந்துகொண்டிருக்கிறது!

இதையெல்லாம் பள்ளியில் வாய் ஓயாமல் சொன்னேன். ஹெச்.எம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஃபார்மலின் வந்ததும் மறக்காம முடிச்சிடுங்க டீச்சர்,” என்றார். முடிக்கிறேன் என்றுதான் சொன்னேன். முடிக்கத்தான் நினைத்திருந்தேன். கோழி வளர்ப்பவர்கள் அடித்துச் சாப்பிடுவதில்லையா என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிவைத்திருந்தேன். பெரிய கண்ணாடி ஜாடி புதிதாக வாங்கி, பெயர் எழுதி ஒட்டிக்கூட வைத்தாகிவிட்டது.

பொங்கல் கழிந்து ஃபார்மலின் வந்தது. அன்று முழுவதும் லேபில் பழைய ஜாடிகளுக்கெல்லாம் அதை ஊற்றி நிரப்பினேன். கண் எரிந்தது, தொண்டை கமறியது. ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், வீட்டில் இதை முடிக்க. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனாள். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவினேன். நல்ல தண்ணீர் பிடித்து ஒரு பேசினைத் தயாராக வைத்துவிட்டு, அதை ஜாடியிலிருந்து வெளியே வரவைக்க வழக்கம்போல் கையை விட்டேன்.

வழக்கம்போல் வந்தது. ஒரு கால் சுண்டுவிரலைத் தொட்டது.

அந்தக் கணத்தில் அதன் உடம்பிலிருந்த நிறமெல்லாம் வடிந்துவிட்டது. பழுப்பு, செம்மண், புள்ளி, வரி எதுவும் இல்லை. பின்னால் தெறித்துப் போய்த் தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு, எட்டுக் கால்களையும் உடம்போடு இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தது. பிறகு மை. தொட்டி இருண்டுபோனது. இருள்வதற்கு முன்னால் நான் பார்த்த நிறம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம். வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட நிறம். வெளிறிய வெண்மை.

நான் பேசினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்காக நான் வாங்கிவந்ததை அது என் கையிலேயே ருசி பார்த்துவிட்டது. கணவர் ஓடிவந்து, என்ன, கடித்துவிட்டதா என்றார். அவர் பேசினைப் பார்த்தார், மை கலந்த தொட்டியைப் பார்த்தார். கேன்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரக் கிளம்பினார். அத்தனை நாளும் அதனிடம் முகத்தில் அடி வாங்கியவர் அவர்தான்.

இனி என்னால் முடியாது என்று மறுநாள் ஹெச்.எம்.மிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “பிள்ளைங்க மார்க்கோட விளையாடாதீங்க டீச்சர். ஸ்பாட்டர் டேபிள்ல ஆக்டோபஸ் இருக்கணும். அவ்வளவுதான்.”

“இருக்கும்,” என்றேன். “செத்துத்தான் இருக்கணும்னு எங்கயும் சொல்லலையே.”

வேகத்தில் சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், மூளை பின்னால் மூச்சிரைக்க வரும். ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்று முதல் லேபில் ஜாடிகளைத் தொடுகிற வேலையெல்லாம் அட்டெண்டரிடம் விட்டுவிட்டேன். என் கையை அது மறுபடி நம்புவதற்குப் பல நாளானது. முதலில் நுனி. பிறகு ஒரு கால். பிராக்டிகல் நெருங்கும்போது பழையபடி முழங்கைவரை ஏறியது. அதைவிட அதிகமாகவே என்று சொல்ல வேண்டும். தொட்டிப் பக்கம் யார் கை வந்தாலும் ஓடிவர ஆரம்பித்தது, பீய்ச்சலையெல்லாம் மறந்து கணவர் கைக்குக்கூட. அவருக்கு வாயெல்லாம் பல்.

பிராக்டிகல் அன்று ஊறுகாய் ஜாடியோடேயே அதைத் தூக்கி, வாயில் வெள்ளைத் துணி வைத்து வேடு கட்டினோம். மாற்றுத் தண்ணீர் ஒரு கேனில். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, “இன்னாம்மா, ஆவக்காயா? வாசனையே காணோம்,” என்றார். அந்த நேரம் பார்த்து வேடு கட்டிய துணி உள்ளிருந்து மேலே எழும்பி அமுங்கியது. அவர் டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

லேபில் புதுக் கண்ணாடி ஜாடியில் கடல் தண்ணீர் ஊற்றி ஒரு நண்டைப் போட்டு ஊறுகாய் ஜாடியைச் சாய்த்தேன். தானாகவே இறங்கிப் போனது. ஒரு பக்கம் ஊமத்தங்காய் மாதிரி கடல் முள்ளெலி, இன்னொரு பக்கம் ஃபார்மலினில் நட்சத்திர மீன், நடுவில் இது, கண்ணை உருட்டிக்கொண்டு. முதல் பேட்ச் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த ஜாடி முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். ஒருத்தி ‘ஐயோ’ என்று கத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத வந்ததெல்லாம் மறந்துபோய் ஜாடிமேல் விரலை வைத்து நகர்த்தினாள் ஒருத்தி. அதுவும் கூடவே நகர்ந்தது.

எக்ஸ்டர்னல் ஐம்பதைத் தாண்டியவர். காலையில் வந்ததும் தானே ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து, ஸ்பாட்டர்களைக் கையால் எடுத்துப் புரட்டிச் சரிபார்க்கிற கண்டிப்புக்காரர். அவருக்காக ஹெச்.எம். இளநீரும் பிரியாணியும் சொல்லிவைத்திருந்தார். சத்தம் கேட்டு அந்த ஜாடிப் பக்கம் வந்து குனிந்தார்.

“என்ன இது?”

“ஆக்டோபஸ் சார்.”

“அது தெரியுது. ஏன் உயிரோட இருக்கு?”

ஜாடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து, “இது பரீட்சையா, வேடிக்கையா? பிள்ளைங்க எழுதுறதை விட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்குது. ஃபார்மலின் இருக்கில்ல? ஊத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் அடுத்த பேட்ச் வரட்டும்,” என்றார்.

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். பார்வையே கெஞ்சியது. “டீச்சர், எல்லாப் பிள்ளைங்க மார்க்கும் சார் கையிலதான் இருக்கு.” அட்டெண்டர் பாட்டிலோடு வந்துவிட்டார். ஜாடியின் வாயில் என் கையை வைத்து மூடிக்கொண்டேன். உள்ளிருந்து ஒரு கால் வந்து என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

“என் கையோட சேர்த்து ஊத்துங்க,” என்றேன்.

எக்ஸ்டர்னல் முகம் சிவந்துபோனது. “என்னம்மா நீங்க, சின்னப் பிள்ளை மாதிரி? நகருங்க. இதை ஒரு ட்ரேயில எடுத்துப் போட்டு நானே முடிச்சுக் காட்டறேன்.” சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, என் கையை விலக்கி, ஜாடிக்குள் கையை விட்டார். எந்தக் கை வந்தாலும் ஓடிப்போய் ஏறுகிற முட்டாள் அது. அவர் கைக்கும் ஓடியது.

தொட்டது. வெளுத்தது. ஜாடியின் அடியில் போய் மோதி மொத்த மையையும் கக்கியது. பெண்கள் அலறினார்கள். அவர் கையை உருவிக்கொண்டு பின்வாங்கினார், ஸ்டூல் உருண்டது. நான் ஓடிப்போய்க் கேன் தண்ணீரை ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, கருப்புத் தண்ணீரில் கையை விட்டேன். துழாவிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கையோடு தூக்கி ஊறுகாய் ஜாடியின் நல்ல தண்ணீரில் விட்டேன்.

எக்ஸ்டர்னல் மை சொட்டுகிற கையோடு நின்றார். கோபம் போய், திகைப்பு மட்டும் இருந்தது.

“உங்க கைக்கு வருது. என் கையைத் தொட்டுட்டு ஏன் இப்படி…?”

“காலையிலேர்ந்து ஸ்பாட்டர் எடுத்துப் பாத்திருக்கீங்க சார். உங்க கையில ஃபார்மலின் இருக்கு. அது காலாலதான் ருசி பாக்கும்.”

“கழுவிட்டேனே?”

“அதுக்குத் தெரியும் சார்.”

அவர் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், மெதுவான குரலில் சொன்னார்.

“என் பொண்ணு சின்னதா இருக்கும்போது, பிராக்டிகல் சீசன்ல மட்டும் என் கையால சோறு வாங்காது. வாயை இறுக்கி மூடிக்கும். பிடிவாதம்னு அடிச்சிருக்கேன்.”

அவர் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். திரும்பி வந்து, “ஆப்பிள் நத்தை இருக்கா?” என்றார். இருந்தது. “அடுத்த பேட்சுக்கு அதை வைங்க. அதுவும் மெல்லுடலிதானே.”

அவ்வளவுதான். இத்தனை வாரம் ஹெச்.எம். செத்து, நான் செத்து, கடைசியில் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நத்தை போதுமாயிருந்தது! பிரியாணியை அவர் தொடவில்லை, இளநீர் மட்டும் குடித்தார். விடைத்தாள் திருத்தும்போது ஒரு தாளை என்னிடம் காட்டினார். நிறம் என்ற இடத்தில் ஒரு பெண், ‘ஒரே நிறமாக இல்லை, என்னைப் பார்த்ததும் மாறியது’ என்று எழுதியிருந்தாள். முழு மார்க் போட்டிருந்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் அதைக் கடலில் விடப் போனோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாறைகள் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கிற ஓரிடம். மீன்கார அம்மாவுக்குப் பக்கத்துக் குப்பம்தான், அவரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று ஊறுகாய் ஜாடியைச் சாய்த்தேன். வெளியே வந்தது. பாறையைத் தொட்டது. பாறை நிறமானது. கண்கலங்க, கையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கணுக்காலில் ஏதோ சுற்றியது.

எடுத்து இன்னும் தள்ளி விட்டேன். நீந்தி வந்து கையில் ஏறியது. கணவர் விட்டுப் பார்த்தார், அவர் கையிலும் ஏறியது. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சும்மா ஒரு விளையாட்டுக்கு அவரும் தண்ணீரில் கையை நீட்டினார். அவர் கையிலும் போய் ஏறியது. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“இன்னா டீச்சரு இது, நாய்க்குட்டி கணக்கா வருது! இப்டி இருந்தா எப்டி? எங்காளுங்க தெனம் இங்கதான் வலை வுட்டுகினு கீறாங்கோ. தானா வந்து கூடையில குந்திக்கும். நாளைக்கே துண்டு துண்டா தூண்டில்ல தொங்கினு இருக்கும்.”

ஃபார்மலினிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். மனிதக் கை என்றால் நண்டு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஜாடியில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். வீட்டிலேயே இருக்கட்டுமே என்றார் கணவர். அவருக்கு ஆசை, எனக்கும் ஆசைதான். ஆனால் வாங்கியபோது இருந்ததைவிட நன்றாக வளர்ந்திருந்தது, உடம்பை மடித்துத்தான் ஊறுகாய் ஜாடிக்குள்ளேயே போக முடிந்தது. தொட்டியின் நான்கு கண்ணாடியிலும் மாற்றி மாற்றிக் கால்களைப் பதித்துத் தடவிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கவில்லை. என் கைப்பையில் அந்தச் சின்ன பாட்டில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை அதே பாறை. ஜாடியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கையில் ஊற்றி, இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டேன். அந்த வாடை அவருக்குத் தெரியும். திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு ஜாடியைச் சாய்த்தார்.

கையைத் தண்ணீரில் விட்டேன். ஓடி வந்தது. எப்போதும்போல் சுண்டுவிரலில்தான் ஆரம்பித்தது. வராதே, வராதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கையை நன்றாக விரித்துக் கொடுத்தேன்.

அந்த நிறத்தை நான் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். மை என் முழங்கால்வரை கருப்பாகப் பரவியது. அலை அதைக் கலைத்தபோது பாறை, பாசி, மணல்தான் இருந்தன. சேலையை நனையவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை கையை நீட்டி வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்தேன், வரவில்லை என்றதும் ஓவென்று அழுதேன். கணவர் காலி ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டார்.

மீன்கார அம்மா கரையிலிருந்து கத்தினார். “போச்சா டீச்சரு?”

“போயிடுச்சு,” என்றேன்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டேன், சீயக்காய் போட்டேன், எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். நகக்கண் ஓரமெல்லாம் எரிந்தது. முகர்ந்து பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுக்குத் தெரியும் சார் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று மத்தியானம் ஸ்பூனில்தான் சாப்பிட்டேன்.